கணவரைச் சேர்க்கக் கடைசித் தேதி

பிப்ரவரி 24

ஜனவரியில் கம்பெனி டைரி கொடுத்தபோது இந்த வருஷமாவது எழுதுவது என்று நினைத்தேன். இன்றுதான் எழுத விஷயம் கிடைத்திருக்கிறது. அதுவும் என் விஷயமில்லை.

ஷிப்ட் முடிந்து வழக்கம்போல முக்கு பேக்கரிக்குப் போனேன். ஆறு வருஷப் பழக்கம். ஒரு டீ, ஒரு தேங்காய் பன். கடைக்கார சௌந்தர் அண்ணா பன்னைத் தட்டில் வைத்தவர், வலது விலாவைப் பிடித்துக்கொண்டு மைதா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை.

"ஒண்ணுமில்லீங் மேடம். வாயு."

வாயுவுக்கு முகம் அந்த நிறத்துக்குப் போகாது. நான் பத்தொன்பது வருஷமாகப் பம்ப்செட் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். எது ஓடும், எது நின்றுபோகும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் பார்த்தார்கள். பித்தப்பையில் கல். ஒன்றல்ல, ஏழு.

"ஏழுங்களா?" என்றார் சௌந்தர் அண்ணா, ஆர்டர் எடுப்பவர் மாதிரி.

பித்தப்பையையே எடுத்துவிட வேண்டும், ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும், அதுவரை வெண்ணெய், எண்ணெய், முட்டை எதுவும் கூடாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது ஆட்டோவில் யோசித்துப் பார்த்தோம். அவர் கடையில் அவர் சாப்பிடக்கூடியதாக மிஞ்சியது தண்ணீர் மட்டும்தான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குச் சிரித்தால் வலித்தது. அதற்கும் சிரித்தோம்.

மார்ச் 3

சௌந்தர் அண்ணா இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரைக் கேட்டிருக்கிறார். இப்போது பாலிசி எடுத்தால் இந்தக் கல்லுக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் பணம் கிடைக்குமாம். டீ ஆறும்வரை அதைச் சொல்லிப் புலம்பினார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் கம்பெனியில் ஏப்ரல் ஒன்று முதல் புது வருஷப் பாலிசி. குடும்பத்தார் பெயர்களை 31க்குள் கொடுக்க வேண்டும். ஹெச்.ஆர். மெர்லின் என் ஃபார்மைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்களுது மட்டும் பாதி ஃபார்ம் காலி. கணவருக்கும் சேர்த்துக் கம்பெனியே பிரீமியம் கட்டுது. இத்தனை வருஷமா சும்மா விட்டுட்டீங்களே" என்றாள்.

"கணவருக்கு முன்னாடியே ஏதாவது நோய் இருந்தா?"

"குரூப் பாலிசி மேடம். முதல் நாளே கவர் ஆயிடும்."

"சும்மா கேட்டேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

மார்ச் 4

பேக்கரிக்குப் போகவில்லை. தலைவலி. தலைவலிக்கு டீ குடித்தால் சரியாகும்தான். இருந்தாலும் போகவில்லை.

மார்ச் 5

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். மூன்றும் வரவில்லை. கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கல்லாப்பெட்டி முன்னால் நின்றுகொண்டு, "உங்களை என் கம்பெனி பாலிசியில சேர்த்துக்கலாமுங்ணா" என்றேன்.

"நான் பம்ப்செட் கம்பெனி ஆளு இல்லீங்களே மேடம்."

"குடும்பத்து ஆளுகளைச் சேர்க்கலாம்."

"நான் எப்படிங்க குடும்பத்து ஆளு?"

"கணவரா இருந்தா சேர்க்கலாமுங்ணா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, ஒரே வாக்கியத்தில் கணவர் என்றும் அண்ணா என்றும் சொல்லியிருக்கிறேன். அவர் கையில் கிரீம் பன் இருந்தது. அதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைக்கப்போனவர், கதவைத் திறக்காமலே வைத்தார். கிரீம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கியது. நான் முப்பது ரூபாய்க்குப் பதில் நூறு ரூபாயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இது முழுக்க முழுக்க ஒரு மருத்துவ ஏற்பாடு. வேறொன்றுமில்லை. அவருக்கு நாற்பத்தாறு, எனக்கு நாற்பத்திரண்டு. சின்னப்பிள்ளைகளா என்ன.

மார்ச் 6

மூன்று மோட்டாரை டெஸ்ட் பெஞ்சில் தலைகீழாக மாட்டினேன்.

மார்ச் 8

மதியம் வாட்ச்மேன் கூப்பிட்டார். கேட்டில் ஒருவர் காத்திருக்கிறாராம். போய்ப் பார்த்தால் சௌந்தர் அண்ணா. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் கேக் டப்பா. கடையை மத்தியானம் பூட்டிவிட்டு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

"எழுபது ரூபாய் மீதி தரோணும்" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். போகவில்லை. நின்றார்.

"யோசிச்சேனுங்க. எனக்குச் சம்மதம். ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்ணா."

"அதேதானுங்க. இனிமே அண்ணான்னு கூப்பிடாதீங்க."

வாட்ச்மேன் இருமினார். சரி என்று தலையாட்டினேன். அப்புறம் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்கலாமென்றால் எப்படிக் கூப்பிட்டுக் கேட்பது என்று தெரியவில்லை. டப்பாவைத் திறந்தால் பிளம் கேக், ஒரு கிலோ. டிபார்ட்மென்ட் முழுக்கக் கொடுத்தேன். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள். மார்ச் எட்டு, மகளிர் தினம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9

வ.உ.சி. பூங்காவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடித்தோம். அலுவல் மாதிரித்தான் பேசினோம். அவர் மனைவி மல்லிகா காய்ச்சலில் போய் ஒன்பது வருஷம். மகள் தாரணி ஈரோட்டில் பார்மசி மூன்றாம் வருஷம். எனக்கு இருபத்தேழு வயதில் நிச்சயமான கல்யாணம் நகைப் பேச்சில் நின்றது. அதற்கப்புறம் அப்பா, அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்ததில் வருஷம் போய்விட்டது. இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை. அவர் கடலை வாங்கி, எண்ணெய்ப் பொருளோ என்று சந்தேகப்பட்டு, தோலை உரித்து உரித்து என் கையிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

மருதமலையில் 27ஆம் தேதி காலை ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம். மறுநாள் பதிவு அலுவலகம். 31க்குள் ஹெச்.ஆர். ஏப்ரல் முதல் வாரம் ஆபரேஷன். தேதியெல்லாம் கச்சிதமாக விழுகிறது.

மார்ச் 10

மெர்லினிடம் பொதுவாக விசாரித்தேன். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் ஆன நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கணவரைச் சேர்க்கலாமாம். அப்படியானால் இந்த 31ஆம் தேதி அவசரமே நமக்கு இல்லை. ஆற அமர ஆவணியில்கூட வைத்துக்கொள்ளலாம்.

இதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

மார்ச் 12

தாரணி ஈரோட்டிலிருந்து வந்திருந்தாள். அப்பாவின் கன்னம், அதே வேகமான பேச்சு. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்சூரன்ஸுக்காகத்தான் கல்யாணம்னு அப்பா சொன்னாரு ஆன்ட்டி."

"ஆமாம்மா. அதுக்காகத்தான்."

"சரி ஆன்ட்டி. ஆனா போன தீபாவளியிலிருந்தே சாயங்காலம் அஞ்சரைக்குத் தலை சீவிட்டுத்தான் கல்லாவுல உட்கார்றாரு. அப்ப கல்லு இருந்ததா யாருக்கும் தெரியாதே."

நான் ஷிப்ட் முடிந்து போவது ஐந்து நாற்பதுக்கு. அவளே என்னை ஒப்பணக்கார வீதிக்கு இழுத்துப்போய் வெங்காயக் கலர் பட்டுப்புடவை எடுக்க வைத்தாள். மருத்துவ ஏற்பாட்டுக்குப் பட்டு எதற்கு என்று கேட்டேன். "போட்டோல நல்லா இருக்கோணும் ஆன்ட்டி, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பார்ப்பாங்க" என்றாள். அதுவும் நியாயம்தான்.

மார்ச் 13

கோபியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"கல்யாணமா? மாப்பிள்ளை என்ன பண்றாரு?"

"பேக்கரி வெச்சிருக்காரு."

"என்ன ஆளுங்க?"

"பேக்கரி ஆளுங்கதான்."

"ஏய், நான் கேட்கறது உனக்குப் புரியுது."

"புரியுதுண்ணா. அதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்லைன்னு உனக்கும் புரியட்டும். இருபத்தேழாந்தேதி காலைல ஆறு மணி. வந்தா சந்தோஷம்."

வைத்துவிட்டேன். அப்புறம் தோசை ஊற்றிச் சாப்பிட்டேன், நான்கு. பொதுவாக இரண்டுதான்.

மார்ச் 17

புது சர்க்குலர்.

போன வருஷம் கிளெய்ம் அதிகமானதால் இன்சூரன்ஸ் கம்பெனி பிரீமியத்தை ஏகத்துக்கு ஏற்றிவிட்டதாம். இனிக் கம்பெனி ஊழியருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் கட்டும். கணவனோ மனைவியோ வேண்டுமென்றால் மாதம் 1,800 ரூபாய் நம் சம்பளத்தில் பிடிப்பார்கள். இன்னொன்று, புதிதாகச் சேர்க்கும் துணைக்கு ஏற்கெனவே இருக்கும் நோய் எதுவானாலும் ஒரு வருஷம் கழித்துத்தான் கவர்.

கேன்டீனில் யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. லேத் செக்ஷன் கதிர்வேல் மனைவிக்குச் சர்க்கரை. வருஷத்துக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு என்று இலையில் எழுதிப் பார்த்தார். "வீட்டுக்குப் போன்ல சொன்னேனுங்க. என் பேரை எடுத்துருங்க, பையன் ஸ்கூல் ஃபீஸைக் கட்டுங்கன்னுட்டா" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் சர்க்குலரை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன். ஒரு வருஷம் கழித்துத்தான் என்றால் ஏழு கல்லுக்கும் இந்தக் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மார்ச் 18

அவரிடம் சொல்லவில்லை. கடையில் கூட்டம்.

மார்ச் 19

சொல்லவில்லை. கூட்டம் இல்லை. ஆனால் அவர் முகூர்த்தத்துக்குக் கேக் எத்தனை அடுக்கு என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். மூன்று அடுக்கு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது.

மார்ச் 20

காலை பத்தரைக்குத் தாரணி போன் செய்தாள். நல்லவேளை லீவுக்கு வந்திருந்தாள். அப்பாவுக்கு வலி தாங்கவில்லை, ஜுரம், வாந்தி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றாள். ஓவர்கோட்டைக் கழற்றாமலே ஓடினேன். பித்தப்பை வீங்கிவிட்டதாம், இனி ஏப்ரல்வரை காத்திருக்க முடியாது, நாளைக்கே ஆபரேஷன்.

உள்ளே விடவில்லை. "நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இருபத்தேழாந்தேதி வரைக்கும் ஒண்ணும் இல்லீங்க."

"அதுக்கப்புறம்?"

"என் வீட்டுக்காரருங்க."

நர்ஸ் என்னை, என் ஓவர்கோட்டை, அதிலிருந்த கிரீஸ் கறையைப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷம்தான்" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

கண்ணை மூடிப் படுத்திருந்தார். தலை சீவவில்லை. முப்பது நாள், முப்பத்தொன்று என்று நான் தேதியோடு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நேரமெல்லாம் இந்த மனிதர் உள்ளுக்குள் வீங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பணம் கட்டும் இடத்தில் என் ஏ.டி.எம். கார்டை எடுத்தேன். தாரணி தடுத்தாள். "அப்பாகிட்ட இருக்கு ஆன்ட்டி. புது ஓவன் வாங்கச் சீட்டு எடுத்த பணம். பொங்கலுக்கே கைக்கு வந்துருச்சு."

பொங்கலுக்கே. அப்படியானால் அன்றைக்கு ஏஜென்ட்டைக் கேட்டுவிட்டு வந்து ஏன் அப்படிப் புலம்பினார்?

மார்ச் 21

நல்லபடியாக முடிந்தது. நான்கு சின்னத் துளைதான். கல்லை ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்தேன். எட்டு. ஸ்கேன் எடுத்தவருக்கு என் டிபார்ட்மென்டில் வேலை கிடைக்காது.

மார்ச் 22

தாரணி கேன்டீனுக்குப் போயிருந்தாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கல்லு போயிருச்சுங்க. இனி எனக்கு உங்க இன்சூரன்ஸ் தேவைப்படாது."

"ஆமாங்க."

இத்தனை வருஷம் தனியாக இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச வருஷம் இருப்பது பெரிய காரியமில்லை என்று நினைத்துப் பார்த்தேன். சரி, போகிறபோது உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கைப்பையிலிருந்து சர்க்குலரை எடுத்து நீட்டினேன்.

"இது பதினேழாந்தேதியே வந்துருச்சு. கல்லு இருந்திருந்தாலும் கவர் ஆகாது. மாசம் ஆயிரத்தெண்ணூறு தண்டம் வேற. உங்ககிட்ட மறைச்சுட்டேன். முப்பத்தொண்ணாந்தேதி அவசரமும் பொய்தான். ஏப்ரல்லகூடச் சேர்க்கலாம்."

அவர் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"நானும் ஒண்ணு சொல்லோணும். ஆபரேஷனுக்குப் பணம் அப்பவே எங்கிட்ட இருந்துச்சு."

"தாரணி சொன்னா. அப்புறம் ஏன் ஏஜென்ட்டுகிட்டப் போனேன்னும் பணத்துக்கு என்ன பண்றதுன்னும் அந்தப் புலம்பல் புலம்புனீங்க?"

"வழக்கமா நீங்க டீயைக் குடிச்சுட்டு ஏழு நிமிஷத்துல கிளம்பிருவீங்க. அன்னைக்குப் புலம்பினதுக்கு டீ ஆறுற வரைக்கும் உட்கார்ந்து கேட்டீங்க. அதான்."

எனக்குக் கோபம் வந்தது, நிஜமான கோபம். வலியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தள்ளிப்போட்டது என்ன புத்தி, ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். கடைசியில் கேட்டது என் காதிலேயே விழுந்து நிறுத்தினேன். அவரும் கேட்டுவிட்டார். போர்வையைச் சரி செய்தார்.

நர்ஸ் வந்து அவருக்கு பி.பி. பார்த்தாள். கூடுதலாக இருக்கிறது, பேசாமல் படுங்கள் என்றாள். கையில் அந்தப் பட்டி சுற்றியிருக்கும்போதே அவர் சொன்னார்: "இருபத்தேழு, காலைல ஆறுலேருந்து ஏழரை. நான் மாத்தலீங்க. நீங்க?"

"நானும் மாத்தலீங்க."

நர்ஸ் மறுபடி பார்த்தாள். இன்னும் ஏறியிருந்தது.

மார்ச் 25

வீட்டுக்கு வந்துவிட்டார். டாக்டர் சொன்னது: கனம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. மாலை எவ்வளவு கனம் இருக்கும் என்று பூக்கடையில் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் கிலோ. சின்னதாகக் கட்டச் சொன்னேன்.

மார்ச் 27

மலைக்கு பஸ்ஸில் போனோம். கல்யாணத்துக்குப் போகும் மாப்பிள்ளை ஒரு கையால் கம்பியும் ஒரு கையால் விலாவும் பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் நான் அவர் பக்கம் சாய்ந்தேன். வளைவு அப்படி.

முருகன் சந்நிதியில் ஐந்து ஜோடிகள் வரிசையில். எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு இருக்கும். "பயமா இருக்குங்க அக்கா" என்றாள். எனக்கும்தான் என்றேன். எங்கள் முறை வந்தபோது ஐயர் அவசரப்பட்டார். தாலி கட்டும்போது அவர் குனிய முடியாமல் தடுமாற, நான் எம்பினேன். தாரணி பின்னால் நின்று மூன்று முடிச்சையும் சரிபார்த்தாள். அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தால் கோபியிலிருந்து வந்த அண்ணன் செருப்பு விடுமிடத்தில் நிற்கிறார். ஏழேகாலுக்கு வந்தாராம். உள்ளே வரவில்லை. மூன்று அடுக்குக் கேக்கில் நான்கு துண்டு சாப்பிட்டார். பிறகு இவரிடம் போய், "நீங்களே பண்ணுனதுங்களா?" என்று கேட்டார். "சொல்லச் சொல்லத் தாரணி பண்ணுனாளுங்க" என்றார் இவர். "நல்லா இருக்குது" என்றார் அண்ணன். பஸ் ஏறும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

இவருக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது. இட்லிதான்.

மார்ச் 28

பதிவு அலுவலகம். கோயில் ரசீது, ஆதார், போட்டோ எல்லாம் பார்த்துவிட்டு, முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அவர் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்தார். பாதி வெளியே வந்ததும் கை நின்றுவிட்டது. நான் கவரைப் பிடித்துக்கொண்டேன். அவராக எடுத்து மேஜையில் வைக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்து இருவரும் கரும்புச் சாறு குடித்தோம். "மல்லிகாவுக்கு உங்களைப் பிடிச்சிருக்கும்" என்றார். எனக்கு அது போதும்.

மார்ச் 31

ஹெச்.ஆர். வாசலில் நீள வரிசை. எல்லோர் கையிலும் பெயர் நீக்கும் ஃபார்ம். கதிர்வேலும் நின்றார். பாதி வரிசையில் என்ன நினைத்தாரோ, ஃபார்மைக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, "ஓவர்டைம் பார்த்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மெர்லின் என் ஃபார்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் எடுக்கறாங்க. சேர்க்கறது நீங்க ஒருத்தர்தான் மேடம். ஒரு வருஷத்துக்குப் பழைய நோய் எதுவும் கவர் ஆகாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அவருக்கு இப்ப நோய் ஒண்ணும் இல்லைன்னு வேற எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு?"

"கணவரு, மெர்லின்" என்றேன். சொல்வதற்கு நன்றாக இருந்தது. "கணவரு. அதான்" என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

ஏப்ரல் 30

சம்பளச் சீட்டு வந்தது. பி.எஃப்., கேன்டீன், அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. துணைவர் மருத்துவக் காப்பீடு, 1,800.

ஐந்து நாற்பதுக்குக் கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அந்த வரியை மட்டும் படித்தார்.

"மாசாமாசம் வருமுங்களா?"

"மாசாமாசம் வரும்."

"வருஷத்துக்கு வருஷம் ஏறுமா?"

"ஏறும்னுதான் மெர்லின் சொல்றா."

"ஏறட்டும், ஏறட்டும்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சம்பளச் சீட்டு, பத்திரமாக வைக்க வேண்டும், பேங்க்கில் கேட்பார்கள், கொடுங்கள் என்றேன்.

கொடுக்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.